குழந்தை கால் எடுத்து வைத்தால் லாரியும் நிற்கும்!

சுவீடன் நாட்டில் நடப்பவருக்கே முதல் மரியாதை

பிற்பகல் 3 மணிக்கே வீதி விளக்கு எரியும் நாடு எது தெரியுமா?

சுவீடன்!

ஐரோப்பாவின் வட கோடியில் இருக்கிறது இந்த நாடு. டிசம்பர் மாதத்தில் தலைநகரமான ஸ்டாக்ஹோமில் சூரியன் காலை 8¾ மணி வாக்கில்தான் எட்டிப் பார்க்கும். பிற்பகல் 3 மணி அடிப்பதற்குள் மறைந்துவிடும். வடக்கே கிருனா என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே டிசம்பரில் சில வாரங்கள் சூரியன் உதிப்பதே இல்லை!

பிள்ளைகள் இருட்டில் பள்ளிக்கூடம் போகிறார்கள். இருட்டில் வீடு திரும்புகிறார்கள். கீழே பனிக்கட்டி. கால் வைத்தால் வழுக்கும். எதிரே கார், பஸ், லாரி. ஓட்டுபவருக்கோ முன்னால் வருவது மனிதனா, மரமா என்று தெரியாத இருட்டு.

இப்படிப்பட்ட நாட்டில் எத்தனை பேர் வண்டியில் அடிபட்டுச் சாக வேண்டும்? ஆயிரக்கணக்கில் என்றுதானே நினைப்பீர்கள்?

ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. 1966-ம் ஆண்டில் சுவீடன் சாலைகளில் 1,313 பேர் மாண்டார்கள். அப்போது அந்த நாட்டின் ஜனத்தொகை 80 லட்சம் கூட இல்லை.

இன்று ஜனத்தொகை ஒரு கோடியைத் தாண்டிவிட்டது. கார்களும் பெருகிவிட்டன. ஆனால் 2020-ம் ஆண்டில் சாலையில் இறந்தவர்கள் 204 பேர்!

இது எப்படி நடந்தது? சுவீடன் மக்கள் பிறவியிலேயே பொறுமைசாலிகளா? இல்லை. அவர்கள் கற்றுக்கொண்டார்கள். வீட்டிலே கற்றார்கள், தெருவிலே கற்றார்கள், தப்புச் செய்தும் கற்றார்கள். அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

சட்டைப் பையில் ஒரு நட்சத்திரம்

இந்த நாட்டுக்குக் குடிவந்த புதிதில் எனக்கு வேடிக்கையாகப் பட்டது ஒன்று உண்டு. குளிர்காலத்தில் யாரைப் பார்த்தாலும் கோட்டுப் பையிலிருந்து ஒரு கயிறு தொங்கும். கயிற்றின் நுனியில் ஒரு வில்லை. இதயம் போல, நட்சத்திரம் போல, மான் போல. குழந்தைக்கும் உண்டு, கிழவருக்கும் உண்டு, கம்பெனி முதலாளிக்கும் உண்டு.

அது நகை அல்ல. உயிர் காக்கும் கருவி.

அதற்கு "ரிஃப்ளெக்ஸ்" என்று பெயர். இருட்டில் பூனையின் கண் மீது விளக்கு வெளிச்சம் பட்டால் பளிச்சென்று மின்னுகிறது அல்லவா? அதைப் போலத்தான் இதுவும். இதற்கு மின்சாரம் வேண்டாம், பாட்டரி வேண்டாம். வண்டி விளக்கின் ஒளி பட்டால், அந்த ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்பும். ஓட்டுபவரின் கண்ணில் பளீரென்று அடிக்கும்.

ஒரு சின்னக் கணக்குப் பாருங்கள்.

கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு இருட்டில் நடக்கிறார் ஒருவர். வண்டி விளக்கு தாழ்ந்திருந்தால், அவர் 20 அல்லது 30 மீட்டர் தூரத்தில்தான் கண்ணுக்குத் தெரிவார். மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒரு விநாடியில் ஏறக்குறைய 20 மீட்டர் பாய்ந்துவிடும். அப்படியானால் ஓட்டுபவருக்கு மிச்சம் இருப்பது ஒரு விநாடி! கண்ணை மூடித் திறக்கும் நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும்.

அதே மனிதர் வில்லையைத் தொங்கவிட்டிருந்தால் 125 மீட்டர் தூரத்திலேயே தெரிவார். ஓட்டுபவருக்கு ஆறு விநாடி கிடைக்கும். நிறுத்தலாம். விலகலாம். ஓர் உயிர் பிழைக்கும்.

வில்லையைத் தோளில் மாட்டக்கூடாது. முழங்கால் உயரத்தில் தொங்க வேண்டும். ஏனென்றால் வண்டி விளக்கின் ஒளி தாழ்வாகத்தான் வரும். ஒரு பக்கம் மட்டும் மாட்டினால் போதாது. இரண்டு பக்கமும் வேண்டும்.

பக்கத்து நாடான பின்லாந்தில், இருட்டில் நடப்பவர் இதை அணிய வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. சுவீடனில் அப்படிச் சட்டம் கிடையாது. இருந்தாலும் அம்மாவும் பாட்டியும் விடுவதில்லை. "வில்லை மாட்டினாயா?" என்று கேட்காமல் பிள்ளையை வாசலைத் தாண்ட விடமாட்டார்கள். பாங்குகளும் கடைகளும் தங்கள் பெயரை அச்சடித்து இதை இலவசமாகக் கொடுக்கின்றன.

தலையில் மெழுகுவர்த்திக் கிரீடம்

இருட்டை ஒளியால் வெல்ல வேண்டும் என்பது இந்த மக்களின் பழைய வழக்கம்.

டிசம்பர் 13-ந் தேதி லூசியா திருநாள். சிசிலித் தீவைச் சேர்ந்த லூசியா என்ற கிறிஸ்தவப் புனிதவதியின் நினைவு நாள் அது. பழைய பஞ்சாங்கப்படி ஆண்டிலேயே நீண்ட இரவு அதுதான் என்று சுவீடன் கிராமத்தார் நம்பி வந்தார்கள்.

அன்று விடியற்காலை ஒரு பெண் வெள்ளை அங்கி அணிவாள். இடுப்பில் சிவப்புப் பட்டை. தலையில் எரியும் மெழுகுவர்த்திகள் வைத்த கிரீடம்! அவள் முன்னே மெல்ல நடந்து வருவாள். பின்னால் தோழிகளும் சிறுவர்களும் பாடிக்கொண்டு வருவார்கள். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, தொழிற்சாலை, மாதாகோவில் எல்லா இடங்களிலும் இந்த ஊர்வலம் நடக்கும். எல்லாருக்கும் காபியும் குங்குமப்பூ போட்ட மஞ்சள் ரொட்டியும் கிடைக்கும்.

சின்னப் பிள்ளைகளின் தலையில் இப்போது நெருப்பு வைப்பதில்லை. பாட்டரி விளக்குத்தான். பண்டிகையும் போகவில்லை, பாதுகாப்பும் வந்துவிட்டது!

கிறிஸ்துமசுக்கு நான்கு வாரம் முன்பே ஒவ்வொரு வீட்டு ஜன்னலிலும் விளக்கு ஏற்றிவிடுவார்கள். காகித நட்சத்திரத்துக்குள் ஒரு பல்பு. திரை போடுவதில்லை. வெளியே நடப்பவருக்கும் அந்த வெளிச்சம் கிடைக்கும். கார்த்திகை மாதத்தில் வாசலில் அகல் வைக்கும் நமக்கு, இதைப் பார்த்தவுடன் மனம் குளிர்ந்துவிடும்.

இன்னொன்றும் நமக்குப் பழகியதுதான். இவர்களும் செருப்பை, பூட்சை வாசலிலேயே கழற்றிவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைவார்கள்!

மஞ்சள் சட்டைப் பட்டாளம்

காலை 10 மணி வாக்கில் எந்த ஊர்த் தெருவிலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம்.

பத்துப் பதினைந்து சின்னஞ் சிறுசுகள். வயது மூன்று, நான்கு. எல்லாரும் மஞ்சள் நிறச் சட்டை மாட்டியிருப்பார்கள். அதில் ஒளிவிடும் பட்டைகள். ஒரு நீளக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இரண்டு இரண்டு பேராக நடந்து வருவார்கள். முன்னால் ஓர் ஆசிரியை, பின்னால் ஓர் ஆசிரியை.

மழையானாலும் பனியானாலும் பாலர் பள்ளிக் குழந்தைகளை வெளியே அழைத்துப் போவது இங்குள்ள வழக்கம். போகிற வழியே பாடசாலை! தெரு முனை வந்தால் படை நிற்கும். இடது பக்கம் பார்க்கும். வலது பக்கம் பார்க்கும். மறுபடியும் இடது பக்கம் பார்க்கும். பிறகுதான் காலை எடுத்து வைக்கும்.

அப்போது எதிரே வந்த பெரிய லாரி கோட்டுக்கு முன்பே நின்றிருக்கும். ஹாரன் அடிக்கமாட்டார். முறைக்கமாட்டார். கடைசிக் குழந்தை அந்தப் பக்கம் ஏறும் வரை காத்திருப்பார். சில குழந்தைகள் கையை ஆட்டும். அவரும் ஆட்டுவார்.

லாரி டிரைவருக்கு அவசரம் இல்லையா? உண்டு. ஆனால் சட்டம் அப்படி.

கோடு போட்டால் போதாது

வெள்ளைக் கோடு போட்ட இடத்தில், விளக்கும் போலீசும் இல்லாவிட்டாலும், நடப்பவருக்கு வண்டி வழிவிட வேண்டும் என்று 2000-ம் ஆண்டு மே மாதம் 1-ந் தேதி முதல் கண்டிப்பான சட்டம் வந்தது. காலை எடுத்து வைத்தவருக்கு மட்டும் அல்ல. வைக்கப் போகிறவருக்கும் வழிவிட வேண்டும்.

அந்தச் சட்டத்தில் இன்னொரு பாதியும் இருக்கிறது. நடப்பவரும் வண்டி எவ்வளவு தூரத்தில் வருகிறது, எவ்வளவு வேகத்தில் வருகிறது என்று பார்த்துத்தான் இறங்க வேண்டும். "சட்டம் என் பக்கம்" என்று கண்ணை மூடிக்கொண்டு இறங்கினால், சட்டம் வந்து வண்டியைப் பிடித்து நிறுத்தாது அல்லவா?

ஆகவே பெற்றோர்கள் பிள்ளைகளுக்கு ஒரு பாடம் சொல்லிக் கொடுக்கிறார்கள். "டிரைவரின் கண்ணைப் பார். அவர் உன்னைப் பார்த்துவிட்டாரா என்று தெரிந்துகொள். பிறகு இறங்கு." இதுதான் அந்தப் பாடம்.

விளக்கு உள்ள இடங்களில் ஒரு கம்பத்தில் சின்னப் பெட்டி இருக்கும். அது கடிகாரம் போல "டிக்... டிக்..." என்று மெதுவாக அடித்துக்கொண்டே இருக்கும். பச்சை விளக்கு வந்ததும் "டிக்டிக்டிக்" என்று வேகமாக அடிக்கும். கண் தெரியாதவர்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டுச் சாலையைக் கடப்பார்கள். பெட்டியின் பக்கவாட்டில் தடவிப் பார்ப்பதற்கு மேடு மேடாக ஒரு படமும் உண்டு. முன்னால் எத்தனை வண்டிப் பாதைகள் இருக்கின்றன என்பதை விரலாலேயே தெரிந்துகொள்ளலாம்.

ஒரு வேடிக்கை! நடப்பவர் சிவப்பு விளக்கில் சாலையைக் கடந்தால் அது விதிக்கு விரோதம்தான். ஆனால் சுவீடனில் அதற்கு அபராதம் கிடையாது. அவசரக்காரர்கள் சிலர், வண்டி வராதபோது கடந்துவிடுவதும் உண்டு. ஆனால் பக்கத்தில் ஒரு குழந்தை நின்றால், அவர்களும் சட்டென்று நின்றுவிடுவார்கள். போலீசுக்குப் பயந்து அல்ல. குழந்தை பார்த்துக் கற்றுக்கொள்ளுமே என்ற பயம்!

ஒரே இரவில் மாறிய நாடு

இனி, உலகமே வியந்து பார்த்த ஒரு ஞாயிற்றுக்கிழமையின் கதை.

நம்மைப் போலவே சுவீடனிலும் வண்டிகள் ஒரு காலத்தில் இடது பக்கமாகத்தான் போயின. 1734-ம் ஆண்டு முதல் அப்படி. ஆனால் சுற்றியுள்ள நார்வே, பின்லாந்து, டென்மார்க் எல்லாம் வலது பக்கம். அதோடு, சுவீடனில் ஓடிய கார்களில் பெரும்பாலானவற்றுக்கு ஸ்டீயரிங்கும் இடது பக்கத்தில்தான் இருந்தது. சாலை ஓரமாக உட்கார்ந்திருக்கும் டிரைவருக்கு, முன்னால் போகும் வண்டியைத் தாண்டி எதிரே வருவது தெரியாது. முந்தப் போய் மோதிக்கொண்டார்கள்.

"வலது பக்கம் மாறலாமா?" என்று 1955-ம் ஆண்டு மக்களிடம் வாக்கெடுப்பு நடந்தது. நூற்றுக்கு 83 பேர் "வேண்டாம்" என்றார்கள்! ஆனாலும் 1963-ம் ஆண்டு பாராளுமன்றம் மாறுவது என்றே முடிவு செய்தது. நான்கு ஆண்டு ஏற்பாடு நடந்தது. பால் டப்பாவில் விளம்பரம். உள்ளாடையில் கூட விளம்பரம்! இதற்கென்று ஒரு பாட்டுப் போட்டி நடத்தினார்கள்.

1967-ம் ஆண்டு செப்டம்பர் 3-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை. நள்ளிரவு 1 மணி முதல் அவசியமான வண்டிகளைத் தவிர மற்றவை ஓடக்கூடாது என்று உத்தரவு. விடியற்காலை 4-50 மணி. ஓடிய வண்டிகள் எல்லாம் நின்றன. மெதுவாக வலது பக்கம் நகர்ந்தன. மறுபடியும் நின்றன. மணி 5 அடித்தது. "புறப்படலாம்!" என்று அறிவிப்பு வந்தது. வண்டிகள் வலது பக்கமாக ஓடத் தொடங்கின!

இந்த மாற்றத்துக்காக நாடு முழுவதும் சுமார் 3 லட்சத்து 60 ஆயிரம் அறிவிப்புப் பலகைகள் மாற்றப்பட்டன. இடது பக்கக் கதவு வைத்த பழைய பஸ்கள் சில, பாகிஸ்தானுக்கும் கென்யாவுக்கும் விற்கப்பட்டன.

பெரிய விபத்து நடக்கும் என்று எல்லாரும் நடுங்கினார்கள். நடந்ததோ நேர்மாறு. மறுநாள் திங்கட்கிழமை நாடு முழுவதும் பதிவான விபத்துகள் 125. சாதாரணமாகத் திங்கட்கிழமைகளில் 130 முதல் 198 வரை நடப்பது வழக்கம். அன்று ஒருவர் கூட இறக்கவில்லை!

காரணம் என்ன? பயம்! எல்லாரும் பயந்து பயந்து ஓட்டினார்கள். பயந்து பயந்து நடந்தார்கள். அந்த ஆண்டு முழுவதும் கணக்குப் பார்த்தபோது இறந்தவர்கள் 1,077 பேர். முந்திய ஆண்டைவிட 236 உயிர்கள் மிச்சம்!

பயம் போனது, விபத்து வந்தது

ஆனால் கதை அத்தோடு முடியவில்லை.

இரண்டு ஆண்டு போயிற்று. வலது பக்கம் பழகிவிட்டது. பயம் தெளிந்துவிட்டது. பழைய வேகம் வந்துவிட்டது. 1969-ம் ஆண்டுக்குள் விபத்துகளும் பழைய அளவுக்கு வந்துவிட்டன.

சுவீடன் மக்களுக்கு அப்போதுதான் பெரிய உண்மை ஒன்று புலப்பட்டது. பயத்தால் வந்த கவனம், பயம் போனதும் போய்விடும். "ஜாக்கிரதை, ஜாக்கிரதை" என்று சொல்லிக்கொண்டே இருந்தால் போதாது. மனிதன் எப்போதாவது ஒரு நாள் அசந்துவிடுவான். குழந்தை பந்தின் பின்னே ஓடும். கிழவருக்குக் காது கேட்காது. வேலைக்குப் போகும் தாய் அவசரத்தில் திரும்பிப் பார்க்க மறந்துவிடுவாள். அதற்கு மரணம்தான் தண்டனையா?

"இல்லை" என்று சொன்னது சுவீடன் பாராளுமன்றம். 1997-ம் ஆண்டு அக்டோபர் மாதம் ஒரு தீர்மானம் நிறைவேறியது. அதற்குப் "பூஜ்ய இலக்கு" என்று பெயர் சொல்லலாம். சாலையில் சாகிறவர்கள் தொகை பூஜ்யமாக வேண்டும். ஐம்பது அல்ல, பத்து அல்ல, பூஜ்யம்!

அதன் சாரம் இதுதான்: மனிதன் தவறு செய்வான். அந்தத் தவறு அவன் உயிரைக் குடிக்காதபடி சாலையைப் போடு. விபத்து நடந்தால், "அடிபட்டவன் ஏன் பார்க்கவில்லை?" என்று மட்டும் கேட்காதே. "இந்தச் சாலை ஏன் இப்படி இருந்தது?" என்றும் கேள்.

30 கிலோமீட்டரின் மகிமை

இந்தத் தீர்மானத்துக்குப் பிறகு தெருக்களின் உருவமே மாறியது.

மனிதரும் வண்டியும் கலந்து போகும் இடத்தில் வேகம் மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது. பள்ளிக்கூடங்களின் அருகில், வீடுகள் நெருங்கிய தெருக்களில் இப்படி வைத்தார்கள்.

ஏன் 30? மனித எலும்பு தாங்கும் அளவு அதுதான். 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் இடித்தால், இடிபட்டவர் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார். 50 கிலோமீட்டர் வேகத்தில் இடித்தால் சாவு பல மடங்கு நெருங்கி வந்துவிடும். வண்டி நிற்கும் தூரமும் அதிகம்.

பலகை வைத்தால் மட்டும் வேகம் குறையுமா? குறையாது. ஆகவே சாலையிலேயே மேடு வைத்தார்கள். கடக்கும் இடத்தில் சாலையைக் குறுக்கினார்கள். நடுவில் ஒரு திட்டுக் கட்டினார்கள். வயதானவர்கள் பாதி தூரம் கடந்து, அங்கே நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, மீதியைக் கடக்கலாம். நாற்சந்தியில் வட்டமாகச் சுற்றிப் போகும்படி அமைத்தார்கள். எந்த முரட்டு டிரைவரும் அங்கே வேகத்தைக் குறைத்துத்தான் ஆக வேண்டும்.

சைக்கிள் ஓட்டும் பிள்ளைகளுக்கும் ஒரு சட்டம் உண்டு. 15 வயதுக்கு உட்பட்டவர்கள் தலைக்கவசம் அணிய வேண்டும். இது 2005-ம் ஆண்டு வந்தது.

முதலில் நடைபாதை, பிறகு கார்ப் பாதை

பெண்கள் கவனிக்க வேண்டிய செய்தி இது.

கார்ல்ஸ்கூகா என்று ஒரு சிறிய ஊர். அங்கே பனி கொட்டினால் நகராட்சி வண்டிகள் வந்து முதலில் பெரிய சாலைகளில் பனியை அகற்றும். கடைசியில்தான் நடைபாதைக்கு வரும். எத்தனையோ காலமாக இப்படித்தான். யாரும் யோசிக்கவில்லை.

2011-ம் ஆண்டில், தாங்கள் செய்யும் வேலைகள் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமாகப் பயன்படுகின்றனவா என்று நகராட்சி சோதித்துப் பார்த்தது. அப்போது உண்மை வெளிவந்தது. காரில் போகிறவர்களில் அதிகம் பேர் ஆண்கள். நடந்தும் பஸ்ஸிலும் போகிறவர்களில் அதிகம் பேர் பெண்கள். அவர்கள் கையில் பை, தள்ளுவண்டியில் குழந்தை. பனியில் வழுக்கி விழுந்து எலும்பு முறிந்து ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களில் நடப்பவர்களே மிகுதி.

நாலு அங்குலப் பனியில் கார் ஓடிவிடும். குழந்தை வண்டி ஓடுமா?

உடனே வரிசையை மாற்றினார்கள். முதலில் நடைபாதை, பஸ் நிற்கும் இடம். பிறகுதான் கார்ப் பாதை. புதிதாக ஒரு வேலையும் இல்லை, அதே வேலைதான். வரிசை மட்டும் மாறியது.

திருநாள் அன்று சாவி யாரிடம்?

குளிர்காலம் போய்விட்டால் சுவீடன் மக்களின் குதூகலத்துக்கு அளவே கிடையாது. ஏப்ரல் 30-ந் தேதி இரவு ஊர்தோறும் பெரிய சொக்கப்பனை கொளுத்தி வசந்தத்தை வரவேற்பார்கள். ஜூன் மாதம் நடுக்கோடைத் திருவிழா. ஜூன் 19-க்கும் 25-க்கும் இடையே வரும் வெள்ளிக்கிழமை அன்று இலையும் பூவும் சுற்றிய உயரமான கம்பத்தை நடுவார்கள். பெண்கள் தலையில் பூவளையம். பாட்டன், பேரன் எல்லாரும் கம்பத்தைச் சுற்றித் தவளை போலக் குதித்து ஆடுவார்கள்! புது உருளைக்கிழங்கும் ஊறவைத்த மீனும் விருந்து. இரவு வந்தாலும் இருட்டு வராது.

விருந்தில் மதுவும் உண்டு. பட்டணத்தார் எல்லாம் காரில் கிராமத்துக்கு வந்திருப்பார்கள். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

1990-ம் ஆண்டு முதல் சுவீடன் சட்டம் மிகக் கடுமை. இரத்தத்தில் ஆயிரத்தில் 0.2 பங்கு மது இருந்தாலே குற்றம். ஒரு குவளை பீர் குடித்தாலே அந்த எல்லையை எட்டிவிடலாம். லைசென்சு போகலாம். சிறைக்கும் அனுப்பலாம். பணக்காரன், பிரமுகர் என்ற சலுகை இல்லை.

ஆகவே விருந்துக்குப் புறப்படும்போதே வீட்டில் பேசி முடித்துவிடுவார்கள். "இன்று ஓட்டுவது யார்?" சாவி யாரிடம் இருக்கிறதோ, அவர் கோப்பையைத் தொடமாட்டார். யாரும் அவரை வற்புறுத்தமாட்டார்கள். வற்புறுத்துவது மரியாதைக் குறைவு. விடிந்த பிறகும், நேற்றுக் குடித்தது தெளிந்ததா என்று யோசித்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பார்கள். மறுநாள் காலையிலும் போலீசார் வழிமறித்து ஊதச் சொல்வார்கள்!

நம்மவர் வரும்போது

இடது பக்கம் வண்டி ஓடும் நாடுகளிலிருந்து வருகிறவர்களுக்கு இங்கே ஓர் ஆபத்து காத்திருக்கிறது.

தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் நாம் சாலையில் இறங்கும்போது கண் தானாகவே முதலில் வலது பக்கம் பார்க்கும். வண்டி அங்கிருந்துதான் வரும். சுவீடனில் வண்டி முதலில் இடது பக்கமிருந்து வருகிறது! வருஷக் கணக்காக ஊறிய பழக்கம், விமானம் இறங்கியதும் மாறிவிடுமா? பிள்ளைகளைப் பார்க்க வரும் வயதான பெற்றோருக்கு முதலில் சொல்லிக் கொடுக்க வேண்டியது இதுதான். "அம்மா, முதலில் இடது பக்கம் பாருங்கள்!"

இரண்டாவது, நடைபாதைக்குப் பக்கத்திலேயே சைக்கிள் பாதை ஓடும். நடுவில் ஒரு கோடு மட்டும் இருக்கும். அது தெரியாமல் அதில் நடந்தால் சைக்கிள் அம்பு போல வரும்.

மூன்றாவது, கறுப்புக் கோட்டு வாங்கும் அன்றே இரண்டு வில்லையும் வாங்கிவிட வேண்டும்.

நான்காவது, குளிர்காலத்தில் கூரை ஓரமாக நடக்கக்கூடாது. மேலே தொங்கும் பனிக்கட்டி ஈட்டி போல விழும். வீட்டுச் சொந்தக்காரர் அதை அகற்ற வேண்டும். அதுவரை எச்சரிக்கைப் பலகை வைத்திருப்பார்.

இன்னும் பூஜ்யம் ஆகவில்லை

எல்லாம் சொன்ன பிறகு, இதையும் சொல்லியாக வேண்டும். சுவீடன் இன்னும் பூஜ்யத்தை எட்டவில்லை. அங்கும் வேகமாக ஓட்டுகிறவர்கள் உண்டு. போனைப் பார்த்துக்கொண்டே சாலையைக் கடப்பவர்கள் உண்டு. 2020-ம் ஆண்டில் 204 ஆக இருந்த சாவு, 2023-ம் ஆண்டில் 229 ஆக ஏறியது. ஒவ்வொன்றும் ஒரு வீட்டின் விளக்கு.

ஆனால் அந்த நாட்டில் யாரும் "விதி" என்று சொல்லிக் கையைக் கட்டிக்கொள்வதில்லை. எங்கே செத்தார், எப்படிச் செத்தார், அந்த இடத்தில் சாலை எப்படி இருந்தது என்று ஆராய்கிறார்கள். திருத்துகிறார்கள்.

இதில் பெரிய பணம் வேண்டிய வேலைகள் பல உண்டு. அவற்றை அரசாங்கம்தான் செய்ய முடியும். பணமே வேண்டாத வேலைகளும் உண்டு. பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, சாலை ஓரத்தில் அரை நிமிடம் நின்று காட்டுவதற்கு என்ன செலவு? விருந்துக்குப் போகுமுன் "இன்று ஓட்டுவது யார்?" என்று கேட்பதற்கு என்ன செலவு? இருட்டில் நடக்கும்போது வெளிர் நிறத் துணி போட்டுக்கொள்வதற்கு என்ன செலவு?

சுவீடன் தாய்மார்கள் அதைத்தான் தினமும் செய்கிறார்கள். அந்தக் குழந்தைகளே வளர்ந்து லாரி ஓட்டுகிறார்கள். ஆகவேதான், ஒரு சின்னக் குழந்தை கால் எடுத்து வைத்தால் லாரியும் நிற்கிறது!